செம்பில் வடித்தால் விஷம் போய்விடுமா?



போன மாதம் தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அன்னதானப் பந்தி முடிந்ததும் மரத்தடியில் நாற்காலியைப் போட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு தம்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனுடைய அப்பாவை எனக்கு நன்றாகத் தெரியும். பழைய தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். தோட்டம் போய் வீடமைப்புப் பகுதி வந்த பிறகு பையன் ஈப்போவில் ஒரு பட்டறையில் வெல்டிங் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். நல்ல கைகாரன் என்று ஊரில் பெயர்.

"மாமா, நீங்க டிரசரா இருந்தவங்க. ஒரு சந்தேகம் கேக்கலாமா?"

"கேளு தம்பி."

"செம்புல காய்ச்சினா விஷம் வராதாமே, நெசமா?"

கேட்டுவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து விரித்தான். அழகாகப் படம் போட்டிருந்தான். கீழே ஒரு பெரிய அண்டா. அதன் மேல் ஆள் உயரத்துக்கு ஒரு செம்புத் தூண். தூணுக்குள் மாடிவீடு போல ஒன்றன்மேல் ஒன்றாக ஐந்து தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் குமிழ் மூடிகள். உச்சியில் குளிர்தண்ணீர்ச் சுருள். அளவெல்லாம் குறித்திருந்தான்.

"யாருக்கு இது?" என்று கேட்டேன்.

"அப்பாவுக்குத்தான் மாமா. சொன்னா கேக்க மாட்டேங்கறாரு. கண்ட கண்ட சம்சுவை வாங்கிக் குடிக்கிறாரு. அதைக் குடிச்சுச் சாகறதுக்கு நானே சுத்தமா செஞ்சு கொடுத்துட்டா என்ன?"

நான் திட்டவில்லை. பெற்ற தகப்பன் செத்துவிடக் கூடாதே என்ற பயத்தில் கேட்கிற பிள்ளையை எப்படித் திட்டுவது? அன்று இருட்டும்வரை அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். இதே கேள்வியை வேறு சிலரும் வேறு வேறு மாதிரி என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஆகவே அவனிடம் சொன்னதையே இந்தப் பகுதியில் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

தூண் என்ன செய்கிறது?

நம் ஊரில் காய்ச்சுகிறவர்கள் வைத்திருப்பது பழைய வாலை. சித்த வைத்தியர்கள் ஓமத் தண்ணீர் வடிக்க வைத்திருந்தார்களே, அதே முறைதான். ஊறலைப் பானையில் ஊற்றிக் கொதிக்கவிட்டு, வருகிற ஆவியைக் குழாய் வழியாகக் குளிரவைத்துப் பிடிப்பது. ஒருமுறை வடித்தால் தண்ணீர் கலந்த சாராயம் வரும். வேகம் போதாது என்றால் அதையே மறுபடியும் வடிப்பார்கள், மூன்றாம் முறையும் வடிப்பார்கள்.

தட்டுகள் வைத்த தூண் இந்த இரண்டு மூன்று முறை வேலையை ஒரே அடுப்பில் முடித்துவிடுகிறது. கீழேயிருந்து ஆவி ஏறுகிறது. ஒவ்வொரு தட்டிலும் கொஞ்சம் நீர் தேங்கி நிற்கிறது. ஏறுகிற ஆவி அந்த நீருக்குள் குமிழிவிட்டுப் போகும்போது, அதிலுள்ள தண்ணீர்ப் பங்கு குளிர்ந்து கீழே இறங்குகிறது. சாராயப் பங்கு மேலே போகிறது. ஒவ்வொரு தட்டும் ஏறக்குறைய ஒருமுறை மறுபடி வடித்ததற்குச் சமம். இப்படித் தொடர்ந்து வடிக்கிற தூணை நன்றாக அமைத்து 1830-இல் பதிவு செய்துகொண்டவர் ஈனியஸ் காஃபி என்ற அயர்லாந்துக்காரர். அவர் அதற்கு முன் பார்த்த உத்தியோகம் கலால் அதிகாரி உத்தியோகம்! சாராய அடுப்புகளைத் தேடி உடைத்துக்கொண்டிருந்தவர் கையிலிருந்தே இந்தத் தூண் வந்தது.

செம்பு எதற்கு என்றால், ஊறல் புளிக்கும்போது கந்தகம் சேர்ந்த நாற்றப் பொருள்கள் உண்டாகின்றன. அழுகிய முட்டை நெடி அடிக்குமே, அது. சூடான செம்பு அந்தக் கந்தகத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் வாசனை நன்றாக இருக்கும், ருசியும் மாறும். பெரிய கம்பெனிகள் செம்பை வைத்திருப்பது இதற்கும், செம்பு சூட்டை நன்றாகக் கடத்தும் என்பதற்கும்தான்.

தம்பி நினைத்தது, இங்கே நம்மில் பலர் நினைப்பது, வேறு. செம்பு விஷத்தை முறிக்கும் என்கிறார்கள். செம்புச் சொம்பில் தண்ணீர் வைத்துக் குடித்தால் நல்லது என்று பாட்டி சொன்னதையும் இதையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். செம்பு கந்தகத்தைப் பிடிக்கும். மெத்தனாலை அது தொடாது.

மெத்தனால் எங்கிருந்து வருகிறது?

சம்சு குடித்து ஒரே நாளில் பத்துப் பேர், இருபது பேர் சாகிறார்கள் என்றால் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் மெத்தனால். மெத்தில் ஆல்கஹால் என்றும் சொல்வார்கள். பார்க்கத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். வாசனையும் சாராய வாசனைதான். நாக்கில் வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. கரண்டியில் ஊற்றிக் கொளுத்திப் பார்த்து "நீலமா எரிஞ்சா நல்ல சரக்கு" என்பார்கள். அது பெரிய ஏமாற்று. நல்லதும் நீலமாகத்தான் எரியும், விஷமும் நீலமாகத்தான் எரியும்.

தம்பி கொஞ்சம் படித்தவன். "மாமா, மெத்தனால் ஏறக்குறைய 65 டிகிரியில கொதிக்குது. சாராயம் 78-ல. தண்ணி 100-ல. அப்ப முதல்ல வர்றதை ஒரு கிளாஸ் பிடிச்சுக் கொட்டிட்டா விஷம் போயிடுச்சு, இல்லையா?" என்றான்.

நல்ல கேள்வி. கணக்கும் சரிதான். ஆனால் அண்டாவில் இருப்பது தனித்தனிச் சரக்கு அல்ல, எல்லாம் ஒன்றாய்க் கலந்த கலவை. ஈப்போ பஸ்ஸில் ஏறினவர்கள் அவரவர் நிறுத்தத்தில் ஒழுங்காய் இறங்குவதுபோல இவை இறங்குவதில்லை. ஒன்று கொதிக்க ஆரம்பிக்கும்போதே மற்றதையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. தண்ணீர் நிறைய உள்ள ஊறலில் மெத்தனால் தண்ணீரோடு ஒட்டிக்கொண்டு முதல் வடியிலும் வருகிறது, நடுவிலும் வருகிறது, கடைசியிலும் வருகிறது. முதல் கிளாஸைக் கொட்டினால் கார நெடியும் தொண்டை எரிச்சலும் கொஞ்சம் குறையும். விஷம் போய்விட்டது என்று அதற்கு அர்த்தம் இல்லை.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சீனியிலோ வெல்லத்திலோ ஊறல் போட்டால் அதில் மெத்தனால் மிகமிகக் கொஞ்சமே உண்டாகும். பழத்தோலும் சதையும் சேர்ந்தால் சற்றுக் கூடும். ஊரையே படுக்கவைக்கிற அளவு மெத்தனால் அடுப்பில் பிறப்பதில்லை. அது டிரம்மில் வருகிறது. சாயம், வார்னிஷ், கரைப்பான் செய்கிற தொழிற்சாலைகளுக்குப் போகிற சரக்கு அது. வரி இல்லை, விலை குறைவு, ஒரு சொட்டுக்கு நாலு சொட்டாகப் பெருக்கலாம் என்று எவனோ ஒரு வியாபாரி அதைக் கலந்துவிடுகிறான். அவனுக்கே சில சமயம் எது எந்த டிரம் என்று தெரியாது.

2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் நடந்தது இதுதான். 40 பேருக்கு மேல் இறந்தார்கள். மலேசியர்களும் இருந்தார்கள். வேலைக்கு வந்த நேப்பாளி, வங்காளதேசி, மியன்மார்க்காரர்களும் இருந்தார்கள். நம் பெரியவர்கள் ஒரு காலத்தில் வந்ததுபோல இன்று வந்திருக்கிற ஏழைகள் அவர்கள். 2024 ஜூனில் தமிழ்நாட்டில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் போனார்கள். அதே ஆண்டு நவம்பரில் லாவோஸ் நாட்டில் வாங் வியெங் என்ற ஊருக்குச் சுற்றுலா வந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் உட்பட ஆறு வெளிநாட்டினர் இறந்தார்கள். இந்த மூன்று இடத்திலும் குடித்தவர்கள் யாரும் அடுப்பு வைத்துக் காய்ச்சியவர்கள் அல்ல. ஊற்றிக் கொடுத்ததை வாங்கிக் குடித்தவர்கள்.

"அப்ப நானே காய்ச்சினா மெத்தனால் பயம் இல்லைன்னு நீங்களே சொல்றீங்களே மாமா?" என்று தம்பி சிரித்தான்.

சிரிக்கட்டும். ஆனால் கொஞ்ச நேரம் பேசிய பிறகுதான் அவனுடைய முழுத் திட்டமும் வெளியே வந்தது. ஊறல் போட்டுப் பத்து நாள் காத்திருக்க அவனுக்கு நேரமில்லை. வீட்டில் நெடி அடித்தால் அண்டை வீட்டார் கேட்பார்கள். அதனால் அப்பா வாங்குகிற அதே மலிவுச் சம்சுவை ஐந்தாறு போத்தல் வாங்கி அண்டாவில் ஊற்றி, செம்புத் தூணில் மறுபடி வடித்துச் "சுத்தம்" செய்வதாக இருந்தான்.

கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் பதறிவிட்டது. அந்தப் போத்தல்களில் ஒன்றில் மெத்தனால் இருந்தால் தூண் என்ன செய்யும்? தண்ணீரைக் கீழே தள்ளிவிட்டுச் சாராயத்தையும் மெத்தனாலையும் சேர்த்து மேலே அனுப்பும். தட்டு கூடக் கூட வேகம் கூடும். முன்பு ஒரு கிளாஸில் இருந்த விஷம் இப்போது கால் கிளாஸில் இருக்கும். அதை மகன் தன் கையாலேயே அப்பாவுக்கு ஊற்றிக் கொடுப்பான். பெரிய ஆலைகளில் மெத்தனாலைப் பிரிக்கிறார்கள், உண்மைதான். அதற்குப் பத்துக்கணக்கில் தட்டு, தனித் தூண், மாதிரி எடுத்துச் சோதிக்கிற பரிசோதனைக் கூடம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். வெல்டிங் பட்டறையில் அது நடக்காது.

எந்த ஈயம்?

தூணை எப்படி ஒட்டப் போகிறாய் என்று கேட்டேன். "ஈயம் வச்சுத்தான் மாமா. நம்ம கிந்தா ஈயம்! பாட்டி ஈயச் சொம்புலதானே ரசம் வச்சாங்க?" என்றான்.

இந்த ஒரு சொல்லால் எத்தனை பேர் ஏமாறுகிறார்களோ. தமிழில் ஈயம் என்றால் இரண்டும் ஈயம். ஈப்போவையும் கம்பாரையும் பணக்கார ஊராக்கியது வெள்ளீயம். பாட்டியின் ரசச் சொம்பும் வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்கு உள்ளே பூசுவதும் வெள்ளீயம். அது வயிற்றுக்குக் கெடுதல் இல்லை. மற்றது காரீயம். பழைய தண்ணீர்க் குழாயிலும் லோரி பேட்டரியிலும் இருப்பது. பட்டறையில் ஒட்டுவதற்கு வைத்திருக்கிற பற்றாசுக் கம்பியில் பல நேரம் இரண்டும் கலந்திருக்கும். 60-க்கு 40 என்று போட்டிருந்தால் அந்த 40 காரீயம். சூடான சாராய ஆவியும் புளித்த ஊறலின் அமிலமும் படப்படக் காரீயம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து சொட்டோடு வரும்.

இன்னும் மோசம், லோரியின் பழைய ரேடியேட்டரைக் குளிர்விக்கும் சுருளாக வைத்துக்கொள்வது. செம்பும் பித்தளையும்தானே என்று நினைப்பார்கள். அதன் ஒவ்வொரு மூட்டும் காரீயப் பற்றாசு. உள்ளே என்ன மருந்துத் தண்ணீர் ஓடியது என்பது லோரிக்காரனுக்குத்தான் தெரியும். அமெரிக்காவில் ரேடியேட்டரில் வடித்துக் குடித்தவர்கள் காரீய விஷத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்ததை அங்குள்ள டாக்டர்கள் நிறைய எழுதி வைத்திருக்கிறார்கள். வயிறு முறுக்கும், மலம் கட்டும், இரத்தம் குறைந்து வெளுத்துப்போவார்கள், மணிக்கட்டு தொங்கிவிடும். பால்மரம் வெட்டுகிறவனுக்கு மணிக்கட்டு போனால் மிச்சம் என்ன? இது புதுச் சேதியும் அல்ல. 1723-லேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் ரம் வடிக்கிற வாலையில் காரீயத் தலையும் காரீயக் குழாயும் வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். முந்நூறு வருஷமாகத் தெரிந்த விஷயம்.

தீயைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், வெல்டிங்காரனுக்குத் தெரியாததா? தூண் வைத்து வடித்தால் வருகிற சரக்கு 90 பங்கு வரை வேகம் ஏறும். அது பெட்ரோல் மாதிரி. ஆவி தரையோடு தவழ்ந்து போய்ப் பக்கத்து அடுப்பில் பற்றிக்கொள்ளும். தட்டு அடைத்துக்கொண்டு ஆவி போக வழி இல்லாவிட்டால் அண்டா வெடிக்கும். மர வீடும் பலகைச் சுவருமாக இருக்கிற இடத்தில் யோசித்துப் பாருங்கள். தவிர, உரிமம் இல்லாமல் வடிப்பது 1976-ஆம் ஆண்டுக் கலால் சட்டப்படி குற்றம். அப்பாவைக் காப்பாற்றப் போன பிள்ளை லாக்கப்பில் உட்கார்ந்தால் வீட்டுக்கு யார் சம்பாதிப்பது?

நான் செய்த தவறு

இனி எழுதுவதை எழுத எனக்கு மனம் வருவதில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு தோட்டத்து மருந்தகத்தில் நான் வேலை பார்த்தேன். தோட்டத்தின் பெயர் வேண்டாம். சம்பள நாளுக்கு மறுநாள், விடிந்து ரொம்ப நேரம் கழித்து, ஒருவரை அவருடைய மனைவி கைத்தாங்கலாக அழைத்து வந்தார். பேரட்டுக்கு வரவில்லை என்று தண்டல் ஏற்கெனவே சத்தம் போட்டிருந்தார்.

"நேத்து ராத்திரி குடிச்சாருங்க. காலையில நல்லாத்தான் எந்திரிச்சாரு. இப்ப வயிறு வலிக்குதுங்கறாரு. கண்ணுல என்னமோ மூட்டமா இருக்காம்."

அவரும் சொன்னார். "டிரசர் ஐயா, கித்தாப் பாலைக் கண்ணுல ஊத்தினாப்புல வெள்ளையா இருக்குங்க."

நான் என்ன செய்தேன் தெரியுமா? குடித்தவனுக்குக் காலையில் இப்படித்தான் இருக்கும் என்று நினைத்து, வயிற்றுவலிக்கு மருந்தைக் கலக்கிக் கொடுத்து, "போய்ப் படுத்துத் தூங்குங்க, சரியாயிடும்" என்று லயத்துக்கு அனுப்பிவிட்டேன். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது. அன்று வரிசையில் நிறையப் பிள்ளைகள் காய்ச்சலோடு நின்றார்கள். குடித்துவிட்டு வருகிறவர்கள் மேல் நமக்கெல்லாம் ஒரு இளக்காரம் இருக்கிறதே, அது.

சாயங்காலம் அந்த அம்மா ஓடி வந்தார். அவர் மூச்சு இரைக்க இரைக்க, ஓடினவன் போல வாங்கிக்கொண்டிருந்தார். லோரியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிர் மிஞ்சியது, பார்வை மிஞ்சவில்லை. அவரோடு சேர்ந்து குடித்த இன்னொருவர் லயத்திலேயே தூக்கத்தில் போய்விட்டார். மிஞ்சியவர் அதற்குப் பிறகு பல வருஷம் இருந்தார். மனைவி தோளில் கை வைத்துக்கொண்டு நடந்து வருவார். என் குரல் கேட்டால் நின்று கும்பிடுவார். என்னை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

உடம்புக்குள் நடப்பது இதுதான். மெத்தனால் வயிற்றுக்குள் போனதும் உடனே விஷமாக வேலை செய்வதில்லை. ஈரல் அதை மாற்றுகிறது. மாறி மாறிக் கடைசியில் அது பார்மிக் ஆசிட் ஆகிறது. ஆமாம் தோழர்களே, ஸ்டோரில் பாலை உறையவைக்க ஊற்றுவோமே, கையில் பட்டால் தோல் வெந்துபோகுமே, அதே ஆசிட். அது இரத்தத்தைப் புளிக்கவைக்கிறது, கண்ணின் நரம்பைத் தாக்குகிறது. ஈரல் இந்த வேலையைச் செய்ய நேரம் எடுக்கிறது. அதனால்தான் குடித்த அன்று இரவு ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 மணி முதல் 24 மணி நேரம் கழித்து, சிலருக்கு இன்னும் தாமதமாக, கோளாறு ஆரம்பிக்கும். "நேத்து குடிச்சாரு, காலையில நல்லா இருந்தாரு, மத்தியானம் கண் தெரியல" என்று யாராவது சொன்னால் அது சாதாரண மப்பு அல்ல. மப்பு நேரம் ஆக ஆகக் குறையும். இது நேரம் ஆக ஆக ஏறும்.

எவ்வளவு குடித்தால் ஆபத்து என்று கேட்பீர்கள். 10 மில்லி சுத்த மெத்தனால், அதாவது இரண்டு தேக்கரண்டி, பார்வையைப் பறிக்கப் போதும். 30 மில்லி உயிரைப் பறிக்கலாம்.

காப்பாற்ற வழி உண்டு. ஈரலை நம் பால் நிறுக்கும் கொட்டகை என்று வைத்துக்கொள்ளுங்கள். தராசு ஒன்றுதான், வரிசை உண்டு. நல்ல சாராயமும் மெத்தனாலும் வரிசையில் நின்றால் ஈரல் நல்ல சாராயத்தைத்தான் முதலில் கவனிக்கும். மெத்தனால் ஆசிட் ஆக மாறாமல் வெளியே காத்து நிற்கும். அந்த இடைவெளியில் அதை உடம்பைவிட்டு வெளியேற்றிவிடலாம். ஆஸ்பத்திரியில் அளவு பார்த்து, நேரம் பார்த்து அந்தச் சாராயத்தை மருந்தாகவே கொடுப்பார்கள். இல்லாவிட்டால் ஃபோமெபிசோல் என்ற மருந்தைக் கொடுத்து வரிசையை அடைத்துவிடுவார்கள். இரத்தத்தின் புளிப்பை மாற்ற ஊசி போடுவார்கள். சிறுநீரகக் கோளாறுக்காரர்களுக்குச் செய்கிற டயாலிசிஸ் எந்திரத்தில் இரத்தத்தைக் கழுவுவார்கள். சீக்கிரம் போனால் உயிரும் கண்ணும் இரண்டும் பிழைக்கும்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் இன்னொரு போத்தலை உடைத்து ஊற்றாதீர்கள்! அந்தப் போத்தலில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. மருந்தாகக் கொடுப்பதை இரத்தம் எடுத்துப் பார்த்துக் கொடுக்கிறார்கள்.

யாருக்காவது குடித்த மறுநாள் பார்வை மங்கினாலும், வெள்ளையாகத் தெரிந்தாலும், வெளிச்சம் கண்ணைக் குத்தினாலும், வாந்தியும் வயிற்றுவலியும் விடாமல் இருந்தாலும், மூச்சு வேகமாக ஆழமாக வாங்கினாலும் தூங்கவிடாதீர்கள், 999-க்கு அடியுங்கள். கார் இருந்தால் காரிலேயே போங்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, ராஜா பெர்மைசூரி பைனுன், தஞ்சோங் ரம்புத்தானுக்கு எட்டாத தூரம் இல்லை. எலுமிச்சம்பழம், மோர், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்கவைக்க வேண்டாம். மயக்கமாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். மிச்சம் உள்ள போத்தலைக் கையோடு கொண்டுபோங்கள். அங்குள்ள டாக்டருக்குச் சந்தேகம் என்றால் பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்திலுள்ள தேசிய விஷ மையத்தைக் கேட்டுக்கொள்வார். கூடக் குடித்தவர்கள் யார் யார் என்று உடனே விசாரித்து, அவர்களுக்கு ஒன்றும் இல்லாவிட்டாலும் சேர்த்து அழைத்துப் போங்கள். அவர்களுக்கு இன்னும் நேரம் வரவில்லை, அவ்வளவுதான்.

பயத்தைப் பற்றி

எத்தனையோ வீடுகளில் இந்த நேரத்தில் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போனா எங்க வாங்கினேன்னு கேப்பாங்க, போலீஸ் வரும், விக்கிறவன் நம்ம சொந்தக்காரன் வேற." பாஸ் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளி என்றால் பயம் இரட்டிப்பு. அவசரப் பிரிவில் இருக்கிற டாக்டருக்கு என்ன குடித்தார், எப்போது குடித்தார் என்பதுதான் முதலில் வேண்டும். அதை மறைத்து "சாப்பாடு ஒத்துக்கல" என்று பொய் சொன்னால் அவர் வேறு மருந்தைக் கொடுத்துக்கொண்டிருப்பார், ஆசிட் தன் வேலையை முடித்துவிடும். குடித்தவர் குற்றவாளி அல்ல, நோயாளி. உண்மையைச் சொல்லுங்கள். துணைக்கு ஆள் வேண்டுமென்றால் நம் சங்கக் கிளைச் செயலாளரை எழுப்புங்கள். நடுராத்திரி என்றாலும் எழுப்புங்கள்.

பெரியவர்கள் காலத்தில் தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது. சம்பளத்தைக் கொடுத்த கையே சம்பளத்தைத் திருப்பி வாங்கிக்கொள்கிற ஏற்பாடு அது. அதை எதிர்த்துக் கெடாவில் தொண்டர் படையினர் மறியல் செய்தார்கள். 1947-இல் பீடோங்கில் போலீசோடு மோதல் வந்து ஒரு தொழிலாளி உயிரைக் கொடுத்தார். இன்று அந்தக் கள்ளுக்கடை இல்லை. அந்த இடத்தில் மளிகைக் கடையின் பின்பக்கத்திலிருந்து சின்னப் போத்தலில் சம்சு வருகிறது.

தம்பியின் அப்பாவுக்கு வருகிறேன். மகன் அன்று இரவே வீட்டிலுள்ள போத்தலையெல்லாம் உடைத்துவிடலாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். வருஷக்கணக்காகத் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டாம் நாள், மூன்றாம் நாள் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும், வலிப்பு வரலாம், இல்லாத பூச்சி சுவரில் ஊர்வதாகத் தெரியும். வீட்டில் பேய் பிடித்துவிட்டது என்று பூசாரியைக் கூப்பிடுவார்கள். அதுவும் உயிர் போகிற நிலைமைதான். டாக்டரைப் பார்த்து, மருந்தோடு நிறுத்த வேண்டும்.

அதற்கு அவர் வெகுதூரம் போக வேண்டியதும் இல்லை. 1911 முதல் நம் ஊரில் இருக்கிற ஆஸ்பத்திரி, இப்போது பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை, வீட்டிலிருந்து நடக்கிற தூரம். ஆனால் "தஞ்சோங் ரம்புத்தானுக்குப் போ" என்பதை நாடு முழுக்கக் கேலிச் சொல்லாக்கி வைத்திருக்கிறார்களே! அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்கூட அந்த வாசலில் நுழையக் கூச்சப்படுகிறார். "எங்கப்பாவைப் பைத்தியம்னு சொல்லிடுவாங்களே மாமா" என்றான் தம்பி. சொல்கிறவர்கள் சொல்லிக்கொண்டு போகட்டும் என்று சொன்னேன். முதலில் பக்கத்து அரசாங்கக் கிளினிக்கில் காட்டி அங்கிருந்து கடிதம் வாங்கிக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். திங்கட்கிழமை நானும் அவர்களோடு கிளினிக்குக்குப் போனேன். பெரியவர் வழியெல்லாம் பேசவில்லை. பெயர் பதிந்துவிட்டு உட்கார்ந்தபோது மட்டும், "இந்தப் பய செம்புத் தகடு வாங்க எவ்வளவு வெள்ளி செலவு பண்ணினான்னு கேளுங்க" என்றார்.

தகடு இன்னும் பட்டறையில்தான் இருக்கிறது. கோயிலுக்கு ஒரு குத்துவிளக்குத் தட்டு அடித்துக் கொடுக்கலாமா என்று யோசிக்கிறானாம். வெள்ளீயம் எது, காரீயம் எது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு ஒட்டச் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த இதழில், மருந்து அடிக்கும் பெண்களுக்கு நகம் கறுத்துப்போவது பற்றிச் சுங்கை சிப்புட் சகோதரி ஒருவர் கேட்டிருந்த கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.